வாடகை வராமல் நின்றால் வீட்டுக்காரர் எழுத்தில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இது. கல்லடியில் சீதனமாகக் கிடைத்த வீடு. கேட்டவர் ஓர் ஆசிரியை, கணவரோடு அக்கரைப்பற்றில் இருக்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டது அவருடைய அப்பா. மாதம் 30,000 ரூபா, இரண்டு மாத முற்பணம். பெப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. கையில் இருப்பது முத்திரை ஒட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். "ஆள் இல்லாத நேரம் பார்த்து வேறு பூட்டுப் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்கிறார். செய்யலாமா?"

செய்யக் கூடாது, தங்கச்சி. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இப்போது கடன்காரர் வாடகைக்கு இருப்பவர், கேட்கும் உரிமை உங்களுக்கு. பூட்டுப் போட்ட அடுத்த நிமிடம் இந்த இடம் மாறிவிடும். வாடகைக்கு இருப்பவர் நேரே பொலிசுக்குப் போவார். அமைதிக்குப் பங்கம் வரும் என்று பொலிசார் நினைத்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். பொலிசார் போகாவிட்டால் அவரே போகலாம். அங்கே வீட்டின் உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது, வாடகை பாக்கியா இல்லையா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. இருப்பில் இருந்தவர் யார், அவரைப் பலவந்தமாக வெளியே போட்டார்களா என்பதுதான் கேள்வி. வழக்கு வைக்கப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அப்படி வெளியேற்றப்பட்டது தெரிந்தால், அவரைத் திரும்ப உள்ளே விடும்படி கட்டளை வரும். ஐந்து மாத வாடகையும் தராதவர் நீதிமன்றக் கட்டளையோடு உங்கள் வீட்டுக்குள் திரும்பி வருவதைப் பார்க்க வேண்டியிருக்கும். இது போதாதென்று, காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், இருப்பை இழந்த ஒரு வருடத்துக்குள் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்கும் போடலாம்.

மின்சாரத்தை வெட்டுவது, தண்ணீர்க் குழாயை அடைப்பது, ஆளின் மோட்டார்சைக்கிளையோ டிவியையோ "வாடகை தந்துவிட்டு எடு" என்று பிடித்து வைப்பது எல்லாமே இதே கணக்குத்தான். பொருட்கள் மீது வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் ஓர் உரிமை உண்டு என்று யாராவது சொல்லுவார்கள். உண்மைதான், ஆனால் அது நீதிமன்றம் ஊடாக மட்டும் பயன்படுத்தக்கூடிய உரிமை. நீங்களாகக் கை வைத்தால் அது வேறு குற்றமாகப் போய்விடும்.

தகராறுகளைப் பேசி இணக்கம் காணும் மத்தியஸ்த சபையில் வாடகைத் தகராறுகளை நிறையக் கேட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் சட்டம் அவர்களுக்கு எதிராக இருப்பதால் அல்ல. முதல் மாதம் தெரிந்த ஆள் என்று பேசாமல் இருக்கிறார்கள். இரண்டாம் மாதம் ஒரே கோயில், ஒரே பள்ளிவாசல், முகத்தை முறிக்க ஏலாது என்று இருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் பொறுமை போய் வாசலில் நின்று ஏசுகிறார்கள். இந்த ஐந்து மாதத்தில் எழுத்தில் ஒரு வரிகூட இருக்காது. சபையிலோ நீதிமன்றத்திலோ போய் நிற்கும்போது "நான் எத்தனையோ தரம் கேட்டேன்" என்று சொல்லத்தான் முடியும், காட்ட ஒன்றும் இருக்காது. கோபம் வருவதற்கு முன்னமே கடிதம் போயிருக்க வேண்டும். இனியாவது போகட்டும்.

முதலில் கணக்கு. ஒரு கொப்பித் தாளில் மாதம், வர வேண்டிய தொகை, வந்த தொகை, வந்த திகதி, எப்படி வந்தது என்று ஐந்து பத்தி போட்டு, வீட்டுக்கு அவர் வந்த நாளிலிருந்து எழுதுங்கள். அப்பாவின் வங்கிப் புத்தகத்தையோ கணக்கறிக்கையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். அவர் நடுவில் எப்போதாவது 10,000 கையில் தந்திருந்தால், பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும் அதையும் போடுங்கள். அவர் சபையில் வந்து "அண்டைக்கு ஐயாவிடம் தந்தேனே" என்று சொல்லி, ஐயாவும் தலையாட்டினால், மிச்சக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் உங்கள் பக்கத்துப் பெயரில் வருகிறதென்றால் அவற்றை வேறாக எழுதுங்கள். அது வாடகை இல்லை. வாடகையோடு ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டால், எது வாடகை நிலுவை என்பதிலேயே வாதம் தொடங்கிவிடும்.

முற்பணம் 60,000 ரூபாதான் உங்கள் கேள்வியில் சிக்கலான இடம். "அதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லலாம். அந்தத் தாளில் முற்பணம் எதற்கு என்று என்ன எழுதியிருக்கிறது? வீட்டை ஒப்படைக்கும் நாளில் சேதம், கட்டணப் பாக்கி எல்லாம் கழித்துத் திருப்பிக் கொடுப்பது என்று இருந்தால், மாத வாடகைக்கு அதைக் கழிக்கும்படி அவர் கேட்க முடியாது. ஒன்றுமே எழுதவில்லை என்றால் அவர் பக்கமும் வாதிட இடமுண்டு. உங்கள் விடயத்தில் நல்ல காலத்துக்கு, இரண்டு மாதத்தைக் கழித்தாலும் மூன்று மாதம், அதாவது 90,000 ரூபா, நிலுவையாகவே நிற்கிறது.

அடுத்தது, கடிதம் யாருடைய பெயரில் போக வேண்டும் என்பது. எங்கள் பக்கத்தில் இது சும்மா விடக்கூடிய விடயமில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும், வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகிறது. உறுதி மகள் பேரில் இருக்கும். ஆனால் வாடகைக்கு ஆள் பிடிப்பது, பணம் வாங்குவது, குழாய் உடைந்தால் ஆள் அனுப்புவது எல்லாம் அப்பா அல்லது வாப்பா. மகள் பேரில் நோட்டீஸ் போனால், "எனக்கு இவரைத் தெரியாது, நான் வீடு எடுத்தது ஐயாவிடம்" என்று எதிர்ப்பக்கம் சொல்லும். உறுதிக்காரர்தான் வீட்டுக்காரர் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. யார் வாடகைக்கு விட்டாரோ அவர்தான் வாடகை உறவில் வீட்டுக்காரர். அவரிடமிருந்து வீட்டை எடுத்துக் குடியிருப்பவர், எடுத்த நேரத்தில் அவருக்கு உரித்து இருக்கவில்லை என்று பின்னால் மறுக்க முடியாது என்பது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவில் இருக்கிறது. ஆகவே அந்தத் தாளில் அப்பா தன் பெயரில் விட்டிருந்தால் அப்பாவின் பெயரில் போகட்டும். மகளுக்காக விடுகிறேன் என்று எழுதியிருந்தால் உங்கள் பெயரில் போகட்டும். இரண்டும் தெளிவில்லை என்றால், சட்டத்தரணியிடம் சொல்லி இரண்டு பேர் சார்பிலும் ஒரே நோட்டீஸாக அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருந்து, இங்கே ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவர்களுக்காகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் முறையான அற்றோணித் தத்துவம் இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் "மாமா, நீங்க பாருங்க" என்று வந்த செய்தியை வைத்துக்கொண்டு வழக்குப் போட ஏலாது.

இனி அந்த முத்திரைத் தாள். முத்திரை ஒட்டினால் ஒப்பந்தம் செல்லும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் குத்தகையாகச் செல்லும். ஆகவே "இரண்டு வருடத்துக்கு" என்று அந்தத் தாளில் இருந்தால் அந்த இரண்டு வருடம் இரண்டு பேரையும் கட்டாது. அதற்காகத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்! அவர் வீட்டில் இருக்கிறார், மாதாமாதம் வாடகை தந்திருக்கிறார். அது மாத வாடகையாக நிற்கும். வாடகை எவ்வளவு, எப்போது தர வேண்டும், முற்பணம் எவ்வளவு என்பதைக் காட்ட அந்தத் தாள் உதவும்.

முதல் கடிதத்தை நீங்களே எழுதலாம். சட்டத்தரணி வேண்டியதில்லை. கடுமையான சொல் ஒன்றும் வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, கல்லடியில் உள்ள மேற்படி இலக்க வீட்டில் மாதம் 30,000 ரூபா வாடகைக்கு நீங்கள் குடியிருந்து வருகிறீர்கள். வாடகை ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன் தரப்பட வேண்டும் என்பது எமது உடன்பாடு. பெப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன் ஆகிய ஐந்து மாதங்களுக்குரிய வாடகை 150,000 ரூபா இன்றுவரை கிடைக்கவில்லை. இத்தொகையை இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் வைப்பிலிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னிடமுள்ள உங்கள் முற்பணம் 60,000 ரூபா வீட்டை ஒப்படைக்கும் நாளில் கணக்குத் தீர்ப்பதற்கு உரியது. மேற்கண்ட கணக்கில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அதே 14 நாட்களுக்குள் எழுத்தில் அறியத் தாருங்கள். ஒரேயடியாகச் செலுத்த முடியாத நிலை இருந்தால், எந்தத் திகதியில் எவ்வளவு செலுத்துவீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லாவிடின் சட்டப்படியான நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்."

கட்டணப் பாக்கிக்கு இதன் கீழே வேறொரு பந்தி போடுங்கள். திகதியை வருடத்தோடு எழுதுங்கள். "கணக்கில் மாற்றுக் கருத்து இருந்தால்" என்ற வரியை வெட்டிவிட வேண்டாம். அவர் பதில் போடாமல் விட்டால், கணக்கை அந்த நேரத்தில் அவர் மறுக்கவில்லை என்று காட்ட அதுதான் பயன்படும். "நேரம் தாருங்கள்" என்று பதில் எழுதினால் இன்னும் நல்லது, கடனை அவரே கையெழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. அவர் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதுங்கள். அம்பாறை நகரப் பக்கத்தில் வாடகைக்கு இருப்பவர் சிங்களம் பேசுபவராக இருந்தால் சிங்களப் பிரதியும் கூடவே போகட்டும்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் கந்தோரில் தரும் துண்டைப் பிரதியின் மேல் ஊசி குத்தி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் அதைத் திறக்காதீர்கள். "ஏற்க மறுக்கப்பட்டது" என்று தபால்காரர் எழுதிய மூடிய உறை நீதிமன்றத்தில் நல்ல சாட்சி. திறந்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று கேள்வி வரும். அதே நாளில் கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், மேலதிகமாக மட்டும். அவர் முன்பு அனுப்பிய "அடுத்த கிழமை போடுறன்" என்ற செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு இந்தப் பதிவுகளையும் சான்றாக வைக்க வழி இருக்கிறது.

அவர் கெட்டவர் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடவும் வேண்டாம். எங்கள் மாவட்டங்களில் காசு ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. மார்கழிக் கடலில் தோணி போகாது. வெள்ளம் வந்தால் கூலி வேலை நிற்கும். பெரும்போகக் காரனுக்கு பெப்ரவரி, மார்ச்சில் நெல் விற்றால்தான் காசு. சிறுபோகக் காரனுக்கு ஓகஸ்ட் வர வேண்டும். அறுகம்பேயில் கடை வைத்திருப்பவருக்கு சித்திரை, வைகாசிக்குப் பிறகுதான் வெளிநாட்டுக்காரர் வருவார்கள், ஐப்பசியோடு முடிந்துவிடும். தவணை பேசும்போது அவருக்கு எப்போது காசு வரும் என்று கேட்டு, அந்த மாதத்தில் தவணையைப் போடுங்கள். நடக்க முடியாத தவணைக்குக் கையெழுத்து வாங்கி என்ன பயன்? ஆனால் ஒன்று: பழைய நிலுவைக்குத் தவணை போடும்போது நடப்பு மாத வாடகை தவறாமல் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். "பழையதைத் தருகிறேன்" என்று 15,000 தந்துவிட்டு இந்த மாத வாடகையை விழுங்குவது வழக்கமாக நடக்கிற விடயம். தவணை தவறினால் எந்தத் திகதியில் வீட்டை விடுவார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பள்ளிவாசல் நிர்வாகம் இருந்து பேசித் தீர்த்துக் கொடுப்பதுண்டு, கோயில் தலைவர்மாரும் செய்வார்கள். நல்ல வழிதான். எழும்பி வருவதற்கு முன் பேசியதை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

இது ஒன்றும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. கல்லடி மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் வருவதால் அங்குள்ள சபைக்கு எழுத வேண்டும். சட்டத்தில் சொன்ன வரம்புக்குட்பட்ட பணத் தகராறை முதலில் சபைக்குக் கொண்டுபோகாமல் நீதிமன்றத்தில் வைக்க முடியாது. உங்கள் தொகை அந்த வரம்புக்குள் வரும். இங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது, நீங்களும் அவரும் நேரே இருந்து பேச வேண்டும். செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இணக்கம் வந்தால் நிபந்தனைகளை எழுதி இரண்டு பேருக்கும் தருவார்கள். அவர் வராவிட்டாலோ, இணங்காவிட்டாலோ, இணங்கிய பிறகு மீறினாலோ, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில்லாமல் வழக்கை ஏற்க மாட்டார்கள். கொப்பித் தாள் கணக்கும், கடிதத்தின் பிரதியும், தபால் துண்டும் கொண்டு வரும் வீட்டுக்காரரிடம் சபையில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. எதிர்ப்பக்கம் கணக்கைப் பார்த்து, "ஏப்ரலில் பாதி தந்தேன்" என்று ஒரு வரியில் மட்டும் தர்க்கம் செய்வார், அந்த வரியைத் தீர்த்தால் மிச்சம் தானாகப் பேசி முடியும்.

இப்போது வாடகை உறவை முடிவுக்குக் கொண்டுவரும் நோட்டீஸ். இது முதல் கடிதத்திலிருந்து வேறு. முதல் கடிதம் காசு கேட்கிறது. இது வீட்டைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து "காசைத் தா, இல்லையென்றால் எழும்பு" என்று எழுதினால், வாடகை உறவு முடிந்ததா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடும். இந்த நோட்டீஸைக் கட்டாயம் சட்டத்தரணியைக் கொண்டு அனுப்புங்கள். ஏனென்றால் எத்தனை மாத அவகாசம் என்பது, உங்கள் வீட்டுக்கு 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்துகிறதா என்பதைப் பொறுத்தது.

அந்தச் சட்டம் பொருந்தும் வீடென்றால் வாடகைக்கு இருப்பவருக்குப் பாதுகாப்பு அதிகம். நியம வாடகை 100 ரூபாவுக்கு மேற்பட்டதென்றால் ஒரு மாத நிலுவையும், அதற்கு உட்பட்டதென்றால் மூன்று மாத நிலுவையும் வெளியேற்றக் காரணமாகும். நியம வாடகை என்பது நீங்கள் வாங்கும் தொகை அல்ல, சட்டம் கணிக்கும் தொகை. நிலுவை முதல் தடவை என்றால் மூன்று மாத நோட்டீஸ், இரண்டாம் தடவை இரண்டு மாதம், மூன்றாம் தடவை ஒரு மாதம் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்னோ, அழைப்பாணையில் சொன்ன திகதியிலோ அவர் நிலுவை முழுவதையும் தந்துவிட்டால் அந்த வழக்கை நடத்தவும் முடியாது. இன்னொரு விடயம்: நீங்கள் வாடகையை வாங்க மறுத்தால், அவர் அதை உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் கட்டலாம், கட்டினால் நிலுவை இல்லை. ஆகவே "எனக்கு உன் காசு வேண்டாம், வீட்டை விடு" என்று அப்பா கோபத்தில் சொல்லக்கூடாது. முடிந்தால் மாநகர சபையில் அப்படி ஏதும் கட்டியிருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.

ஆனால் இந்தச் சட்டம் எல்லா வீட்டுக்கும் இல்லை. உள்ளூராட்சி சபையின் சோலைவரிப் பதிவில், அதாவது வீட்டு வரிப் பதிவில், உள்ள வருடாந்தப் பெறுமதி ஒரு வரம்புக்கு மேல் போனால் விலக்கு உண்டு. 1977, 1980, 2002 திருத்தங்களும் பல இடங்களை வெளியே எடுத்துவிட்டன, குறிப்பாக 1980க்குப் பிறகு வாடகைக்கு வந்த வீடுகள் பலவற்றை. உங்களுடையது கலியாணத்துக்கு என்று கட்டிய வீடு என்கிறீர்கள், அதனால் பெரும்பாலும் வெளியே நிற்கும். சோலைவரிப் பத்திரத்தைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோனால் அவர் உறுதியாகச் சொல்லுவார். வெளியே நிற்கும் மாத வாடகைக்கு ஒரு மாத நோட்டீஸ் போதும். இந்த ஒரு மாதத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்குகிறதென்றால், நோட்டீஸ் ஒரு முழு மாதத்தைக் கொடுத்து மாதக் கடைசியில் முடிய வேண்டும். ஜூலை 10ஆம் திகதி நோட்டீஸ் கொடுத்து "ஓகஸ்ட் 10க்குள் விடு" என்றால் அது பிழை. ஓகஸ்ட் 31 என்று போட வேண்டும். சட்டம் பொருந்துமா என்பதில் சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் மூன்று மாதமே கொடுத்துவிடுவது பாதுகாப்பு. ஜூலை 10 என்றால் ஒக்டோபர் 31. இரண்டு மாதம் கூடப் பொறுப்பது கஷ்டம்தான், ஆனால் நோட்டீஸ் பிழை என்று இரண்டு வருடம் கழித்து வழக்கு தள்ளுபடியாவதை விட இது மேல்.

நோட்டீஸ் போன பிறகு அவர் காசு கொண்டுவந்து தந்தால்? வாங்குங்கள். ஆனால் "ஓகஸ்ட் மாத வாடகை பெற்றேன்" என்று பற்றுச்சீட்டு எழுதிவிடாதீர்கள். நோட்டீஸில் சொன்ன திகதிக்குப் பிந்திய காலத்துக்கு வாடகை என்று வாங்கினால், வாடகை உறவு திரும்பத் தொடங்கிவிட்டது என்று வாதிடுவார்கள். பழைய நிலுவைக்கென்றால் எந்த மாதத்து நிலுவை என்று எழுதுங்கள். முடிவுத் திகதிக்குப் பிறகு வருவதை, நோட்டீஸுக்குப் பங்கமில்லாமல் நட்டஈடாகப் பெற்றுக்கொண்டதாக எழுதுங்கள். வங்கிக் கணக்குக்கு நேரே போட்டுவிட்டால், அதே கிழமையில் இதையே ஒரு சிறு கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

திகதி முடிந்தும் எழும்பாவிட்டால் மாவட்ட நீதிமன்றம். மட்டக்களப்பில் இருக்கிறது, அம்பாறை மாவட்டக் கரையோரத்தாருக்குக் கல்முனையும் அக்கரைப்பற்றும். வீடு இருக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், நீங்கள் இருக்கும் இடத்துக்கு அல்ல. அக்கரைப்பற்றில் இருந்துகொண்டு மட்டக்களப்புக்கு அலைய வேண்டி வரும் என்பதை நினைத்து, அப்பாவை வைத்து வழக்கு நடத்த வழி இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் முதலிலேயே கேளுங்கள். வழக்கில் வெளியேற்றல், நிலுவை வாடகை, ஒப்படைக்கும் நாள் வரை மாதாமாதம் நட்டஈடு என மூன்றையும் ஒன்றாகக் கேட்கலாம். தீர்ப்புக் கிடைத்தும் அவர் போகாவிட்டால் எழுத்தாணை பெற்றால், நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் வந்து வீட்டை ஒப்படைப்பார். அந்தக் கதவில் நீங்கள் கை வைக்க வேண்டிய நாள் அதுதான், அதற்கு முன் இல்லை.

முறைப்படி எழுதிய குத்தகை உள்ளவர்களுக்கு இப்போது ஒரு புது வழியும் இருக்கிறது. குத்தகைக்கு விட்ட இடத்தை மீளப் பெறுவதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்தும் விடாதவரிடமிருந்து இடத்தை எடுக்க மாவட்ட நீதிமன்றத்திலேயே சுருக்கமான நடைமுறையைத் தருகிறது. முத்திரைத் தாளை நம்பியவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. அடுத்த ஆளுக்கு வீட்டை விடும்போது நொத்தாரிசு கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வது இதனால்தான்.

காலத்தையும் கவனியுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகைக் கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும், பிந்தினால் அந்த மாதங்கள் காலாவதியாகும். ஆள் வீட்டை விட்டுப் போன பிறகும் நிலுவையைக் கேட்கலாம், ஆனால் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

பொலிசைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகை பாக்கி குடியியல் விடயம், அவர்கள் ஆளை எழுப்ப முடியாது, எழுப்பச் சொல்லிக் கேட்கவும் கூடாது. மிரட்டல், அடிதடி, வீட்டை உடைத்தல் இருந்தால் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதமும் யார் குடியிருக்கிறார் என்பதைக் காட்ட உதவும், வெளியேற்ற உதவாது. கடைக்காரர் வாடகைக்குக் காசோலை தந்து அது திரும்பி வந்திருந்தால் விடயம் வேறு. வங்கி தந்த துண்டோடு காசோலையைப் பத்திரப்படுத்துங்கள், அதை வைத்துச் சுருக்க நடைமுறையில் வழக்குப் போட வழி உண்டு.

என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் வீட்டைத் திரும்பப் பெறப் பார்ப்பேன், காசைப் பிறகு. ஐந்து மாதம் தராதவரிடமிருந்து 150,000 ரூபாவை வழக்குப் போட்டு வாங்க எடுக்கும் காலத்தில், காலியான கல்லடி வீட்டுக்கு வேறு நல்ல ஆள் வந்து அதைவிடக் கூடத் தந்திருப்பார். முற்பணத்தை நிலுவையில் கழித்து, மிச்சத்தில் பாதியை விட்டுக்கொடுத்து, குறித்த திகதியில் திறப்பைத் தருவதாக மத்தியஸ்த சபையில் எழுத்தில் வாங்க முடிந்தால் நான் அதைத் தோல்வி என்று நினைக்க மாட்டேன். அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் தவணைப் பரீட்சை முடியும் நாளாகப் பார்த்துத் திகதி போடுங்கள், அதனால் அவர் சொன்ன நாளில் போக வாய்ப்பும் கூடும்.

திறப்பு வாங்கும் நாளிலும் எழுத்து வேண்டும். அறை அறையாக நடந்து படமெடுங்கள். மின் மானியிலும் தண்ணீர் மானியிலும் உள்ள இலக்கத்தை எழுதுங்கள். எத்தனை திறப்பு, உடைந்தவை எவை, முற்பணத்தில் எவ்வளவு எதற்குக் கழிந்தது, இனி யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், வீட்டின் இருப்பை இன்று முழுமையாக ஒப்படைத்தேன் என்ற வரி, இரண்டு பேர் கையெழுத்து, இரண்டு சாட்சி. ஒரு கட்டிலையும் இரண்டு சாக்கு மூட்டையையும் ஒரு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, "பிறகு எடுக்கிறேன்" என்று போனால் ஒப்படைத்ததாக எடுக்காதீர்கள். அந்த அறையும் காலியான பிறகே கையெழுத்து.

சட்டத்தரணியிடம் போகும்போது உறுதியின் பிரதி, அந்த முத்திரைத் தாள், சோலைவரிப் பத்திரம், வங்கிக் கணக்கறிக்கை, கொப்பித் தாள் கணக்கு, அனுப்பிய கடிதமும் தபால் துண்டும், கட்டணப் பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டை விட்டபோது வாயால் என்ன பேசினார் என்பது அவருக்குத்தான் தெரியும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள், கணவரை இழந்து இந்த வாடகையை நம்பியே இருக்கும் பெண்கள் போன்றவர்கள், மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்கலாம். முதல் கடிதத்தை மட்டும் அதுவரைக்கும் தள்ளிப்போடாமல் இந்தக் கிழமையே தபாலில் போட்டுவிடுங்கள்.